புழுவை எதிர்க்கும் கத்தரி: பயனும் எச்சரிக்கையும்

கோவாவிற் புழு விழுந்தால், மருந்துத் தாங்கியைத் தோளிற் சுமந்து சரிவில் ஏறி இறங்குவது கொட்டகலைக் கமக்காரருக்குப் பழகிய பாடு. செடியே தன்னைக் காத்துக்கொள்ளுமாயின் அப்பாடும் செலவும் குறையுமன்றோ? பரம்பரை அலகுப் பொறியியல் இதற்கு முயல்கின்றது.

பயிரைத் திருத்துதல் புதிதன்று. முருங்கக்காயன், மாஸ் என்னும் நெல்லினங்களைக் கலந்தே 1950களில் பத்தலகொடையில் எச்-4 நெல் பெறப்பட்டது. கலப்பு முறையில் இரு செடிகளின் இயல்புகள் யாவும் கலக்கின்றன. புதிய முறையிலோ, வேண்டிய ஓர் இயல்புக்குரிய பரம்பரை அலகு (மரபணு) மட்டும், வேறோர் உயிரினத்திலிருந்தும் எடுத்துப் பயிரினுட் புகுத்தப்படும்.

கத்தரி இதற்குத் தக்க சான்று. தண்டையும் காயையும் துளைக்கும் புழு உள்ளே மறைந்திருப்பதால் தெளிக்கும் மருந்து அதனை எளிதில் எட்டாது. மண்ணில் வாழும் பசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பற்றீரியா ஒரு புரதத்தை உண்டாக்குகின்றது. அது புழுவின் குடலிற் கரைந்து, குடற்சுவரைத் துளைத்துப் புழுவைக் கொல்லும். அப்புரதத்துக்குரிய அலகைப் பெற்றதே பீ.ரீ. கத்தரி. இலையையோ காயையோ கடித்த புழு மடியும்.

பங்களாதேஷ் 2013இல் இதனை அனுமதித்தது. 2014இல் 20 கமக்காரர் முதன்முதல் நட்டனர். இப்புழுவுக்கான மருந்துத் தெளிப்பு அங்கே பெரிதும் குறைந்தது. இந்தியாவோ, பாதுகாப்பு பற்றிய ஆய்வு போதாதெனக் கருதி, 2010 பெப்ரவரியில் இதனை நிறுத்திவைத்தது.

கவனிக்க வேண்டியவை மூன்று:

1. புழுவும் பழகிக்கொள்ளும். குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பீ.ரீ. பருத்தியின் முதற் புரதத்தை வென்றமை 2010இல் அறிவிக்கப்பட்டது. ஆதலின் வயலோரத்திற் சாதாரணச் செடிகளையும் நடுதல் அவசியம். அங்கே பிழைக்கும் புழுக்கள் மற்றவற்றோடு கலப்பதால் எதிர்ப்பாற்றல் மெதுவாகவே பரவும்.

2. மகரந்தத்தின் வழியே புதிய அலகு நாட்டினங்களுக்கும் காட்டினங்களுக்கும் செல்லக்கூடும்.

3. விதை யாருடையது என்பதை அறிதல் வேண்டும். பங்களாதேஷ் இனங்கள் அரசு நிலையத்தினுடையவை; அவற்றின் விதையைச் சேமித்து மீண்டும் விதைக்கலாம். கலப்பின விதையாயின் போகந்தோறும் விலைக்கு வாங்க நேரும்.

ஒரு புரதம் எல்லாப் பீடைகளையும் தடுக்காது. வெள்ளை ஈயும் வாடல் நோயும் பீ.ரீ. கத்தரிக்கும் வரும்.

இலங்கையில் மரபணு மாற்றிய உணவை அனுமதியும் விபரச்சீட்டும் இன்றி விற்றலாகாது என்னும் விதி 2007 முதல் நடைமுறையில் உள்ளது. ஆதலின் புழு வராதெனச் சொல்லி எவரேனும் விதை தந்தால், அதன் பெயரையும் பிறப்பையும் கேட்டறியுங்கள். விவசாயப் போதனாசிரியரிடம் காட்டாமல் விதைக்காதீர்கள். வாடிய குருத்தையும் துளை விழுந்த காயையும் வாரந்தோறும் கிள்ளி அழித்தல் எவ்வினக் கத்தரிக்கும் நன்மையே.