வைரத்திடல் – 17: குதிகாலைப் பார்!

2025 சீசனில் ஜாஷ் நெய்லர் 32 முறை பேஸ் திருட ஓடினார். 30 முறை வென்றார். கனத்த உடம்புக்காரர். மேஜர் லீகில் மிக மெதுவாக ஓடுகிறவர்களின் வரிசையில் இருப்பவர். அதே ஆண்டு நியூயார்க் மெட்ஸின் ஹுவான் சோட்டோ 38 பேஸ் திருடினார். அவரும் ஓட்டத்துக்குப் பெயர்போனவர் அல்லர். அதற்கு முன் ஒரு சீசனில் அவர் தொட்ட உச்சம் 12. கால் வேகம் இருந்தால்தான் திருட முடியும் என்று சின்னப் பிள்ளைகளை ஒதுக்கிவிடும் பயிற்சியாளர்கள், இந்த இருவரின் ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

முதல் பேஸுக்கும் இரண்டாம் பேஸுக்கும் இடையே 90 அடி. பிட்சர் அசையத் தொடங்கியதிலிருந்து பந்து கேட்சரின் கையுறைக்குள் விழ ஏறக்குறைய 1.3 விநாடி ஆகும். கேட்சர் எழுந்து இரண்டாம் பேஸுக்கு எறிந்து சேர்க்கச் சுமார் 2 விநாடி. ரன்னருக்குக் கிடைக்கும் அவகாசம் அவ்வளவுதான். தேர்ந்த கேட்சர்களுக்குள் நேர வித்தியாசம் மிகக் குறைவு. பிட்சர்கள் அப்படியில்லை. காலை உயரத் தூக்கி நிதானமாக வீசுகிறவர் ஓடுகிறவனுக்குக் கால் விநாடியைச் சும்மா தருகிறார். அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

கிரிக்கெட்டில் பந்து கையை விட்டுப் போகும் முன் நான்-ஸ்ட்ரைக்கர் கோட்டைத் தாண்டினால் சண்டையே வரும். இங்கே தாராளமாகத் தாண்டலாம். பேஸை விட்டுப் பத்துப் பன்னிரண்டு அடி விலகி, முழங்கால் மடக்கி, வலது பாதத்தின் முனையைக் கொஞ்சம் இரண்டாம் பேஸ் பக்கம் திருப்பி நிற்க வேண்டும். கண் எங்கே? வலது கைப் பிட்சராக இருந்தால் அவருடைய குதிகால்களில். முதல் பேஸுக்கு எறியப்போகிறார் என்றால் வலது குதிகால்தான் முதலில் எழும். உடனே திரும்பிப் பாய வேண்டியதுதான். இடது குதிகால் எழுந்தால் பந்து பேட்டரை நோக்கிப் போகிறது. இடது காலைக் குறுக்கே வீசி ஓட வேண்டும். இடது கைப் பிட்சர் ரன்னரைப் பார்த்தபடியே நிற்பார் என்பதால் பாடு அதிகம். அவர் தூக்கிய கால் ரப்பர் பலகையின் பின் விளிம்பைத் தாண்டிவிட்டால், அதன்பின் முதல் பேஸுக்கு எறிய விதி அனுமதிக்காது. அதுவரை பொறுக்க வேண்டும்.

இந்தக் கவனிப்பை ஓர் அணியின் பழக்கமாகவே ஆக்கிக் காட்டியவர் டேவி லோப்ஸ். தன் காலத்தில் 557 பேஸ் திருடியவர். பிலடெல்ஃபியா பில்லிஸின் முதல் பேஸ் பயிற்சியாளராக வந்ததும், நிறுத்து கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிரணிப் பிட்சர்களை அளந்தார். 2007-ல் அந்த அணி 157 முயற்சிகளில் 138 முறை வென்றது. 2009-ல் சேஸ் அட்லி 23 முறை ஓடினார். ஒரு முறைகூட அகப்படவில்லை.

மிச்சம் இருப்பது பயம். 2004 அக்டோபர் 17, பாஸ்டன் ஃபென்வே பார்க். தொடரில் மூன்று ஆட்டம் தோற்றிருந்த ரெட் சாக்ஸ், நான்காவதிலும் ஒன்பதாம் இன்னிங்ஸில் 4–3 எனப் பின்தங்கியிருந்தது. டேவ் ராபர்ட்ஸ் மாற்று ரன்னராக உள்ளே வந்தபோது, அவர் ஓடத்தான் வந்திருக்கிறார் என்பது அரங்கத்தில் அத்தனை பேருக்கும் தெரியும். எதிரணிப் பிட்சர் மரியானோ ரிவேரா மூன்று முறை முதல் பேஸுக்கு எறிந்தார். பேட்டருக்கு வீசிய முதல் பந்திலேயே ராபர்ட்ஸ் ஓடி இரண்டாம் பேஸைப் பிடித்தார். அடுத்து பில் ம்யூலரின் அடியில் ஆட்டம் சமன். 1962-ல் 104 பேஸ் திருடிய மாரி வில்ஸ்தான் ராபர்ட்ஸுக்கு இந்தக் கலையைக் கற்றுத்தந்தவர். எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது ஓட வேண்டிய நாள் ஒன்று வரும் என்பதையும் அவர்தான் சொல்லி வைத்திருந்தார்.

2023-லிருந்து விதி ரன்னர் பக்கம் சாய்ந்துவிட்டது. பிட்சர் இரண்டு முறைதான் தயங்காமல் முதல் பேஸுக்கு எறியலாம். மூன்றாவதாக எறிந்து ரன்னரை அவுட் ஆக்காவிட்டால், அவருக்கு ஒரு பேஸ் இனாம். ஆகவே எண்ணத் தெரிந்தவனுக்கு இது நல்ல காலம். ஆனால் ரிக்கி ஹெண்டர்சன்கூட, 130 பேஸ் திருடிய அதே 1982-ல், 42 முறை பிடிபட்டார். பயிற்சி ஆட்டத்தில் அவுட்டாகித் திரும்பும் பையனைத் திட்டாதீர்கள். எந்தக் குதிகாலைப் பார்த்து ஓடினாய் என்று மட்டும் கேளுங்கள்.

(தொடரும்)