வாழைப்பழத்திலும் கதிர்வீச்சா?

"கல்பாக்கம் பக்கத்து மீனைச் சாப்பிடலாமா ஐயா? வாழைப்பழத்திலேகூட கதிர்வீச்சு இருக்காமே!" ஆவடி, அம்பத்தூர் பக்கத்திலிருந்து வரும் தாய்மார்கள் பலர் இப்படிக் கேட்கிறார்கள்.

இருக்கிறது, அம்மா. வாழைப்பழத்தில் மட்டுமா? கீரை, உருளைக்கிழங்கு, இளநீர், பருப்பு எல்லாவற்றிலும் உண்டு. அவற்றிலுள்ள பொட்டாசியத்தில் ஒரு துளிப் பங்கு, இயற்கையாகவே கதிர்வீசும் பொட்டாசியம்-40. நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 12 பெக்கரல் இருக்கும். பயந்துவிடாதீர்கள்! 70 கிலோ எடையுள்ளவரின் உடம்பிலேயே 4,000 பெக்கரலுக்கு மேல் எந்நேரமும் இருக்கிறது. கூடுதலாகப் பழம் சாப்பிட்டாலும், மிச்சப் பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். அதனால் இந்தக் கணக்கு ஏறுவதில்லை.

சித்தர் பாடல்களில் இதற்கு விடை தேட வேண்டாம். இது கருவி வைத்து அளக்க வேண்டிய சமாச்சாரம். கல்பாக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் சுற்று வட்டாரத்துப் பால், மீன், அரிசி, தண்ணீரை எடுத்து அளக்கிறது. உணவைக் காயவைத்துச் சாம்பலாக்கி, ஈயக் கவசத்துக்குள் உள்ள கருவியில் வைத்து மணிக்கணக்கில் எண்ணுவார்கள். எந்த அணு என்பதைக்கூட அது காட்டிக்கொடுத்துவிடும்.

1986-இல் செர்னோபில் விபத்து நடந்தபின் அயர்லாந்து வெண்ணெய் பம்பாய்க்கு வந்தது. "இதை விற்கக் கூடாது" என்று வழக்கு. உச்ச நீதிமன்றம் விஞ்ஞானிகள் குழுவிடம் கருத்துக் கேட்டது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்த வரம்புக்குள் இருந்தால் தீங்கில்லை என்று குழு சொல்ல, 1988-இல் வழக்கு முடிந்தது. சந்தேகப்பட்டுக் கேட்டதில் தப்பில்லை. கேட்டதால்தானே அளந்து பார்த்துப் பதில் சொன்னார்கள்!

உலக சராசரியில் ஒருவருக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் இயற்கைக் கதிர்வீச்சு 2.4 மில்லிசீவர்ட். சோறு தண்ணீர் வழியாக வருவது அதில் 0.3 அளவுதான். ஒன்று சொல்கிறேன், வீட்டுக்காரரிடம் காட்டுங்கள்: புகையிலையில் பொலோனியம்-210 இருக்கிறது. வாழைப்பழத்துக்குப் பயந்துகொண்டு பீடி பிடிப்பவரை என்ன சொல்ல!

சிறுநீரகம் பழுதானவர்கள் வாழைப்பழத்தையும் இளநீரையும் தவிர்க்கச் சொல்வது வேறு காரணத்துக்காக. வெளியேறாத பொட்டாசியம் இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான் கலந்திருக்கிறது. இரத்தக் கொதிப்புக்கு நல்லது என்று அதை வாங்குகிறவர்கள், சிறுநீரகக் கோளாறோ அதற்கான மாத்திரையோ இருந்தால், பாக்கெட்டைப் பிரிக்கும் முன் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும்.