குற்றமே குணமான கதை

வீணையின் ஒலியைப் பெருக்குவது அதன் குடம். மின்கிற்றாருக்கு அப்பணியைச் செய்வது ஒலிபெருக்கி. கம்பியின் அதிர்விலே பிறக்கும் நுண்ணிய மின்னோட்டத்தை அதனுள்ளிருக்கும் வால்வுகள் பெருக்குகின்றன.

கலிபோர்ணியாவில் வானொலி திருத்தும் தொழில் செய்த லியோ பெண்டர் இக்கருவிகளாற் புகழ்பெற்றார். 1950களில் அவர் செய்தவை பயணப் பெட்டிகள் போல மஞ்சள் நிறத் துணி போர்த்தவை. அளவுக்கு மேல் முடுக்கினால் அவற்றின் ஒலி திரியும். பொறியியலார்க்கு அது குற்றம். 1963இல் வந்த கருமுகப்புக் கருவிகள் முன்னையவற்றினும் தெளிவாக ஒலித்தன. 1965இல் சீ.பீ.எஸ். நிறுவனம் அத்தொழிலகத்தை ஒரு கோடியே 30 இலட்சம் டொலருக்கு வாங்கியது. பின்னர் வெள்ளி முகப்பு வந்தது, உள்ளமைப்பும் மாறியது. 1970களின் பிற்பகுதியில் 'ட்வின் ரிவேர்ப்' 135 உவாற்று வலுப்பெற்றது. எத்துணை உரத்து ஒலிப்பினும் எளிதில் திரியாமையே நோக்கம்.

கலைஞரோ திரிந்த ஒலியையே நாடினர். 1962இல் இலண்டனில் ஜிம் மார்ஷலின் கடையினர் பெண்டரின் 'பாஸ்மன்' அமைப்பைத் தழுவி ஒரு கருவி செய்தனர். அவ்வழி வந்த கருவிகள் திரிபினாலேயே றொக் இசைக்கு உரியவாயின. வெள்ளி முகப்புக் கருவிகளைப் பலர் பழைய அமைப்புக்கே மீட்டனர். 1990இல் பெண்டர் நிறுவனமும் 1959ஆம் ஆண்டுப் பாஸ்மனை மீளச் செய்து விற்றது.

சொற்கள் புணருங்கால் நேரும் திரிபை இலக்கணகாரர் பிழையென்று தள்ளினாரில்லை. அதற்கும் விதி கண்டனர். கருவியைத் திருத்துவோரும் அளவுமானியோடு நில்லாது, இசைப்போர் செவியையும் வினாவுதல் வேண்டும்.