‘எங்க வீட்ல ஒருத்தி மாதிரி’: குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா என்ன நினைக்கிறார்?

வார இறுதியில் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் கார்களில் அப்பா, அம்மா, குழந்தையோடு இன்னொருவரும் இருப்பார்: குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. 20 கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தை வாந்தி எடுத்தால் துடைப்பது அவர்தான். குடும்பம் ஏரியில் படகு ஏறும்போது பையோடு கரையில் நிற்பவரும் அவர்தான். குடும்பத்துக்கு அது சுற்றுலா. அவருக்கு அது லீவா, டியூட்டியா?

“எங்க வீட்ல ஒருத்தி மாதிரிதான் வச்சிருக்கோம்” என்று பல குடும்பங்கள் மனதாரச் சொல்கின்றன. அந்த ஒருத்தியிடம் யாரும் கேட்பதில்லை.

இது எப்போது தொடங்கியது?

‘ஆயா’ என்பது போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்த சொல். 19-ம் நூற்றாண்டில் சேர்வராயன் மலையில் காபித் தோட்டங்கள் பெருகின. வெயிலுக்குப் பயந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் மலையேறின. இப்படிப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தவர்கள் உள்ளூர் ஆயாக்கள். சிலரைக் கப்பலில் இங்கிலாந்துக்கும் கூட்டிப் போனார்கள். கடல் பயணத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே!

கரை சேர்ந்ததும் சிலரைத் திரும்பி வர டிக்கெட்கூடக் கொடுக்காமல் கைவிட்டார்கள். அப்படித் தவித்த பெண்களுக்காகவே லண்டனில் ‘ஆயாக்கள் இல்லம்’ இயங்கியது. 1900-ல் அது ஹேக்னி பகுதிக்கு மாறியது. அந்தக் கட்டடத்தில் 2022 ஜூன் மாதம் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது.

ஆயாவை எவ்வளவு நேசித்தோம் என்று வெள்ளைக்காரக் குடும்பங்கள் கடிதங்களிலும் நினைவுக் குறிப்புகளிலும் எழுதி வைத்தன. ஆயாக்கள் எழுதி வைத்தது மிகக் குறைவு. பழைய போட்டோக்கள் பலவற்றில் குழந்தையின் பெயர் இருக்கும். மடியில் வைத்திருப்பவர் வெறும் ‘ஆயா’.

பாசம் உண்மையா, சம்பளத்துக்கா?

இரண்டும்தான். 2008 மும்பை தாக்குதலில் நரிமன் ஹவுஸிலிருந்து இரண்டு வயது மோஷேயைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தவர், அவனைப் பார்த்துக்கொண்ட சாண்ட்ரா சாமுவேல். பெற்றோர் இருவரையும் இழந்த அந்தக் குழந்தையோடு அவர் இஸ்ரேல் போனார். தன் இரண்டு மகன்கள் இந்தியாவில் இருந்தார்கள். எந்தச் சம்பளமும் அப்படி ஓட வைக்காது.

ஆனால் அந்தப் பாசத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. ஒரு நாட்டுப் பெண் இன்னொரு நாட்டுக் குழந்தையை வளர்க்கப் போவார். அவர் குழந்தையை அவருடைய அம்மாவோ மூத்த மகளோ வளர்ப்பார். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷில்ட் இதை ‘பராமரிப்புச் சங்கிலி’ என்றார். நாடு தாண்ட வேண்டியதில்லை, ஊர் தாண்டினாலே போதும். உங்கள் குழந்தைக்குச் சோறு ஊட்டும் நேரத்தில், தன் பிள்ளை சாப்பிட்டதா என்று அவருக்கு மனசு அடித்துக்கொள்ளும்.

எங்கே வலிக்கிறது?

மதுரையில் வீட்டு வேலை பற்றி ஆய்வு செய்த மானுடவியலாளர் சாரா டிக்கி கவனித்த விஷயம் இது: வேலை செய்பவர் வீட்டுக்குள் வந்தே ஆக வேண்டும், ஆனால் அவரோடு ‘வெளி’யும் உள்ளே வந்துவிடுமோ என்று குடும்பம் பயப்படுகிறது. தனித் தட்டு, தனி டம்ளர் எல்லாம் அந்தப் பயத்தின் அடையாளங்கள்தான். குழந்தையையே நம்பிக் கையில் கொடுத்துவிட்டு, பீரோ சாவியை ஒளித்து வைத்தால் அது அவருக்குத் தெரியாமலா போகும்?

‘குடும்பத்தில் ஒருத்தி’ என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வேலை நேரம் நீளும்போது அவர் குடும்பம். சம்பள உயர்வு, வார விடுமுறை என்றதும் வேலைக்காரர். “வீட்டு ஆளாச்சே, எப்படிக் கேக்கறது?” என்று அவரும் தயங்கிவிடுகிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் எஸ்டேட்களில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது. 2017 திருத்தத்துக்குப் பிறகு, 50 பேர் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கும் அது கட்டாயம். காபி பறிக்கும் அம்மாவுக்கும், லேப்டாப்போடு உட்காரும் அம்மாவுக்கும் சட்டத்தில் இடம் கிடைத்தது. வீட்டில் குழந்தை பார்ப்பவரின் குழந்தைக்கு அது இல்லை.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. 18 முதல் 60 வயதுக்குள் இருப்பவர்கள் பதிவு செய்தால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் உண்டு. நாடு முழுமைக்குமான தனிச் சட்டம் பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது.

நீங்கள் என்ன செய்யலாம்?

• வேலை நேரம், வார விடுமுறை, கூடுதல் நேரத்துக்கான பணம் மூன்றையும் முதல் நாளே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

• டூருக்குக் கூட்டிப் போனால் அதுவும் வேலை நாள்தான். அவர் தூங்கும் இடம், சாப்பாடு, ஓய்வு நேரம் எல்லாவற்றையும் முன்பே சொல்லுங்கள்.

• வீட்டில் கேமரா இருந்தால் அவரிடம் மறைக்காதீர்கள்.

• அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், சம்பளம் பிடிக்காமல் லீவு கொடுங்கள்.

• நல வாரியப் பதிவுக்கு நீங்களே உதவுங்கள்.

கடைசியாக ஒன்று. குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். முன்கூட்டியே சொல்லுங்கள், கணக்கை முடித்துக் கையில் கொடுங்கள், குழந்தையிடம் விடைபெற்றுப் போக விடுங்கள். மூன்று வருடம் தோளில் தூங்கிய பிள்ளையைப் பிரிவது அவருக்கும் பிரிவுதான்.