வெயிலுக்கு ஒரு வேலை!

நெல்லை வெயிலைத் திட்டாத ஆள் உண்டா? அதையே வேலை வாங்கலாம் பாஸ்!

உவரிப் பக்கம் ஃபைபர் வள்ளத்துக்கு ரெசின் பூசுறதைப் பார்த்திருக்கீங்களா? ஹார்டனர் கலந்த நிமிஷமே ஓட்டம்தான். லேட்டானா டப்பாவிலேயே இறுகிடும். சர்ஃப் போர்டுக்கான சன்-க்யூர் ரெசினில் அந்த டென்ஷன் இல்லை. புற ஊதாக் கதிர் பட்டால்தான் இறுகும். நிழலில் நிதானமா கண்ணாடி இழைத் துணி விரிச்சு, காற்றுக் குமிழியை நீக்கி, வெயிலில் வெச்சா சில நிமிஷத்தில் கெட்டி!

ஆனா, நான் தெர்மாகோலில் பாலியஸ்டர் ரெசினைப் பூசி, ரெண்டு மாச பாக்கெட் மணியைக் கரைச்சேன். அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைத் தின்னுடும். தெர்மாகோலுக்கு எபாக்ஸி, பாலியூரித்தேன் ஃபோமுக்குத்தான் பாலியஸ்டர். அடர் நிறம் கலந்தா வெளிச்சம் உள்ளே இறங்காது. க்ளவுஸ், காற்றோட்டம் கட்டாயம், தேய்க்கும்போது மாஸ்க்.

முதல்ல சின்னத் துண்டில் டெஸ்ட் பண்ணுங்க. மணப்பாடு அலை எங்கேயும் ஓடிடாது!