அந்த ஒரு கேள்வி

தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் பேச்சுப் போட்டி என்றால் என் பெயர் முதல் வரிசையில் இருக்கும். "வாயுள்ள பிள்ளை, வக்கீலுக்குப் படிக்க வையுங்கள்" என்று உறவினர்கள் அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நானும் அதை நம்பினேன். சட்டம் படித்து, 9 மாத சேம்பரிங் முடித்து, கறுப்பு அங்கியை மாட்டிய நாளிலும் நீதிமன்றத்தைக் கொஞ்சம் பெரிய பட்டிமன்றமாகத்தான் நினைத்திருந்தேன்.

நான் முழுமையாக நடத்திய முதல் விசாரணை, செஷன்ஸ் நீதிமன்றத்தில் ஒரு சாலை விபத்து வழக்கு. என் கட்சிக்காரர் தொழிற்சாலை ஊழியர், வயது ஐம்பதுக்கு மேல். இரவு வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் நேராக வந்துகொண்டிருந்தார். எதிரே வந்த லோரி, சந்திப்பில் வலப்பக்கம் திரும்பி அவரை மோதியது. கால் முறிந்து, பழைய வேலைக்குத் திரும்ப முடியாத நிலை.

லோரி ஓட்டுநரைக் குறுக்கு விசாரணை செய்தேன். சாலை நேரானது என்று ஒப்புக்கொண்டார். தெருவிளக்கு எரிந்தது என்றார். மோதும்வரை மோட்டார் சைக்கிளைத் தாம் பார்க்கவே இல்லை என்றும் சொன்னார். வழக்கை வெல்ல அதுவே போதும். நான் அத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆனால் எனக்குள் இருந்த மேடைப் பேச்சாளன் விடவில்லை. குரலை உயர்த்தி, "சாலை நேர், வெளிச்சமும் உண்டு. பிறகு ஏன் பார்க்கவில்லை?" என்றேன்.

"அவருடைய முன்விளக்கு எரியவில்லை" என்றார் ஓட்டுநர் அமைதியாக.

அவர் போலீசில் கொடுத்த புகாரில் அப்படி ஒரு வரிகூட இல்லை. ஆனால் பதற்றத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. "பொய் சொல்கிறீர்கள்" என்று அவரோடு வாதாடத் தொடங்கினேன். அவர் சொன்னதையே இன்னும் உறுதியாகச் சொன்னார். தீர்ப்பில் விபத்துக்கான பொறுப்பில் 30 விழுக்காடு என் கட்சிக்காரர் மீது விழுந்தது. இழப்பீடும் அதே அளவுக்குக் குறைந்தது.

வெளியே வந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பரவாயில்ல தம்பி, நீங்க நல்லாத்தான் பேசுனீங்க" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதன் பிறகுதான் வாதத்திறன் பயிற்சி வகுப்புக்குப் போனேன். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஹேம்பல் பெயரால் அறியப்படும் பயிற்சி முறை அது. நாம் சில நிமிடம் சாட்சியை விசாரிக்க வேண்டும். பயிற்சியாளர் ஒரே ஒரு குறையை மட்டும் சொல்வார். நாம் கேட்ட கேள்வியை நம் வார்த்தைகளிலேயே திருப்பி வாசிப்பார். அது ஏன் தவறு, எப்படித் திருத்துவது என்று விளக்கி, தாமே செய்து காட்டுவார். பிறகு நாம் மறுபடியும் செய்ய வேண்டும். நான் 'கேள்வி' என்று நினைத்துக் கேட்டதெல்லாம் சொற்பொழிவு என்பது அங்கேதான் உறைத்தது.

நம் நாட்டில் 1995 முதல் ஜூரி விசாரணை கிடையாது. நம் பேச்சில் உருக அங்கே கூட்டம் இல்லை. எதிரே இருப்பவர் ஒரு நீதிபதி. பின்னர் தீர்ப்பு எழுத அவருக்குத் தேவை, சாட்சியின் வாயிலிருந்து வந்த உண்மைகள்.

1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் குறுக்கு விசாரணையில் பதிலை உள்ளடக்கிய கேள்விகளை அனுமதிக்கிறது. "விளக்கு எரிந்தது, சரிதானே?" என்று கேட்கலாம். ஒரு கேள்வியில் ஓர் உண்மைதான் இருக்க வேண்டும். "ஏன்" என்று கேட்டால் சாட்சிக்கு நாமே ஒலிபெருக்கியைக் கொடுக்கிறோம் என்று பொருள்.

சாட்சி புதுக்கதை சொன்னால் சண்டை போடக் கூடாது. இப்போது சொல்வதை முதலில் உறுதிப்படுத்த வேண்டும். "விபத்து நடந்தபின் போலீசில் புகார் கொடுத்தீர்கள், நினைவு பசுமையாக இருந்தது, முக்கியமானதை எல்லாம் சொன்னீர்கள்" என்று ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். பிறகு புகாரைக் கையில் கொடுத்து, முன்விளக்கைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை என்று காட்டிவிட்டு உட்கார வேண்டும். அன்று எனக்குத் தெரியாமல் போனது இந்த நான்கு கேள்விகள்தான்.

அதற்காக எதையும் கேட்காமல் விட்டுவிடவும் முடியாது. சாட்சி சொல்வதை நாம் மறுக்கிறோம் என்றால், நம் தரப்பு என்ன என்பதை அவர் முகத்துக்கு நேரே சொல்லி, பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். 1893இல் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட பிரவுன் எதிர் டன் வழக்கிலிருந்து வந்த இந்த விதி நம் நீதிமன்றங்களிலும் நடைமுறையில் உள்ளது.

காதைத் தீட்டிக்கொள்வதும் பயிற்சிதான். இன்னொரு வழக்கில் என் தரப்புச் சாட்சி ஒரு பாட்டி. எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் நீண்ட கேள்வியை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லி முடித்ததும் "சரிங்க" என்றார். கேட்டுக்கொண்டேன் என்ற மரியாதையில் வந்த சொல் அது. மலாயில் "பெத்துல்" என்று பதிவானது. அதாவது, கேட்டதெல்லாம் உண்மை என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிட்டது. நான் அடுத்த கேள்வியை யோசித்துக்கொண்டிருந்திருந்தால் அது காதில் விழுந்திருக்காது. குறித்து வைத்துக்கொண்டு, மறு விசாரணையில், "சரிங்கன்னு சொன்னீங்களே பாட்டி, எதுக்குச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டேன். "அவரு பேசுனது காதுல விழுந்துச்சுன்னு சொன்னேன்யா" என்றார். நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் ஒரு வழக்கு கைக்கு வந்தால் இறுதி வாதத்தைத்தான் முதலில் எழுதுகிறேன். அதற்கு எந்தெந்த உண்மைகள் தேவை, யாரிடமிருந்து வரும் என்று பட்டியல் போடுகிறேன். அந்தப் பட்டியலில் இல்லாத கேள்வி எவ்வளவு அழகாக இருந்தாலும் அடித்துவிடுகிறேன்.

சேம்பரிங் செய்யும் இளையோர் என்னிடம் வந்தால், நாள் முழுக்க நீதிமன்றத்தில் உட்கார்ந்து மற்றவர்களின் விசாரணையைக் கவனிக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு வழக்கறிஞரும் எந்தக் கேள்வியோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்று எழுதி வரச் சொல்கிறேன். என் முதல் வழக்கின் கோப்பையும் காட்டுகிறேன். அந்தக் கடைசிக் கேள்வியை இவர்கள் தங்கள் கட்சிக்காரர் செலவில் கற்றுக்கொள்ள வேண்டாம்.