நெட் ஸ்பீடு 100 எம்பிபிஎஸ்... ஆனா குரல் மட்டும் விட்டு விட்டு கேட்குதா? கால் சென்டர் கேபிள், போர்ட்டில் கவனிக்க வேண்டியது என்ன?

கால் சென்டர் வேலைன்னா சென்னைக்கோ பெங்களூருக்கோ போகணும் என்ற நிலை மெல்ல மாறி வருகிறது. விழுப்புரம் மாவட்டத்தில் வானூர் தாலுகா திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2020 நவம்பரில், கால் சென்டர்கள் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியை தொலைத்தொடர்புத் துறை நீக்கியது. வீட்டில் இருந்து வேலை பார்க்கவும் வழி கிடைத்தது.

ஆக, செஞ்சி மாதிரி ஒரு கோட்டை ஊரில் மாடியை வாடகைக்கு எடுத்து 30 சீட் போடுவது இன்று நடக்கக்கூடிய காரியம்தான். ஆனால் பேச்சு உடைந்து உடைந்து கேட்டால் வாடிக்கையாளர் போனை வைத்துவிடுவார். அது தொடர்ந்தால் கான்ட்ராக்ட் போகும், கூடவே 30 பேரின் வேலையும் போகும்.

உடனே பலரும் செய்வது, 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக மாற்றுவது. பில் ஏறும். குரல் சரியாகுமா?

ஒரு காலுக்கு எவ்வளவு ஸ்பீடு வேணும்?

ஜி.711 என்ற முறையில் குரலை அனுப்பினால், ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் சுமார் 87 கேபிபிஎஸ் போதும். 30 பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் 2.6 எம்பிபிஎஸ்தான். குரலைச் சுருக்கி அனுப்பும் ஜி.729 முறையில் 30 பேருக்கும் சேர்த்தே 1 எம்பிபிஎஸ் தாண்டாது.

அப்போ சிக்கல் எங்கே? தாமதத்திலும், வழியில் தொலையும் பாக்கெட்டுகளிலும்தான். சினிமா டவுன்லோடு ஆகும்போது ஒரு பாக்கெட் தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நேரடிப் பேச்சில் அதற்கு நேரம் இல்லை. தொலைந்த எழுத்து தொலைந்ததுதான். ஒரு திசையில் தாமதம் 150 மில்லி செகண்டுக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம்.

எந்த கேபிள் வாங்கலாம்?

பழைய கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தாங்கும். புதிதாக வயரிங் செய்தால் கேட் 6 போடலாம். 10 ஜிபிபிஎஸ் வேகத்துக்கு கேட் 6 சுமார் 55 மீட்டர் வரைதான். 100 மீட்டருக்கும் அந்த வேகம் வேண்டுமென்றால் கேட் 6ஏ தேவை. இந்த 100 மீட்டரில், மேஜையில் இருக்கும் சின்ன வயரும் சேர்த்தி.

கடையில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: "முழு காப்பரா, இல்ல சிசிஏவா?" சிசிஏ என்பது அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய கம்பி. விலை குறைவு. ஆனால் எளிதில் முறியும், தூரம் கூடினால் சிக்னல் பலவீனமாகும், போனுக்கு அதே வயரில் கரண்ட் கொடுத்தால் சூடாகும். கம்பியைச் சுரண்டிப் பாருங்க. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்க வேண்டாம்.

கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே டேட்டா கேபிளை இழுக்கக் கூடாது. ஒரு கட்டடத்தில் இருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போகிறதா? ஃபைபர்தான் சரி. செம்புக் கம்பி என்றால் இடி, மின்னல் நேரத்தில் இரண்டு பக்க ஸ்விட்ச்சும் போக வாய்ப்புண்டு.

போர்ட்டில் என்ன செட்டிங்?

ஒன்று, வேகத்தை இரு முனையிலும் 'ஆட்டோ'வில் விடுங்க. ஒரு முனையில் மட்டும் '100, ஃபுல் டூப்ளெக்ஸ்' என்று கையால் போட்டால், மறுமுனை ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். லைட் எரியும், வெப்சைட் திறக்கும். பத்து பேர் பேச ஆரம்பித்ததும் குரல் உடையும்.

இரண்டு, போன்களுக்குத் தனி வாய்ஸ் விலேன் கொடுங்க. குரல் பாக்கெட்டுக்கு 'இஎஃப்', அதாவது 46 என்ற முன்னுரிமை எண் தரலாம். பொது இன்டர்நெட்டில் அந்த எண்ணை யாரும் மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் உங்க ரூட்டரைத் தாண்டும் வரை, குரல் வரிசையில் முதலில் நிற்கும்.

மூன்று, ரூட்டரில் 'சிப் ஏஎல்ஜி' ஆன் ஆகியிருந்தால் ஆஃப் செய்து பாருங்க. ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கும் பிரச்னைக்கு அது ஒரு காரணம்.

நான்கு, அழைப்புக்கான 5060 போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைக்காதீங்க. சேவை நிறுவனத்தின் ஐபி முகவரிக்கு மட்டும் அனுமதி போதும். இல்லையென்றால் யாரோ பேசிய வெளிநாட்டு அழைப்புக்கு உங்களுக்கு பில் வரலாம்.

தப்பு யார் பக்கம்? கண்டுபிடிப்பது எப்படி?

வயர் மாட்டிய கம்ப்யூட்டரில் இருந்து முதலில் உங்க ரூட்டருக்கு 'பிங்' கொடுங்க. அங்கேயே பாக்கெட் தொலைந்தால் கோளாறு கட்டடத்துக்குள்தான். ஸ்விட்ச்சில் அந்த போர்ட்டின் 'சிஆர்சி எரர்' எண் ஏறிக்கொண்டே போனால் முதலில் கேபிளையும் முனையையும் மாத்துங்க.

உள்ளே சுத்தமாக இருந்து, வெளி முகவரிக்கு மட்டும் தொலைந்தால், நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து நெட் நிறுவனத்திடம் புகார் கொடுக்கலாம். "ஸ்லோவா இருக்கு" என்பதைவிட இந்தப் புகாருக்கு பலம் அதிகம்.

கடைசியாக, இரண்டு நிறுவனத்தின் லைன் வாங்கினாலும் இரண்டும் ஒரே கம்பத்தில் வந்தால் அது ஒரு லைன்தான். கம்பம் சாய்ந்தால் இரண்டும் போகும். வேறு வேறு வழியில் வருகிறதா என்று கேட்டுவிட்டு கையெழுத்துப் போடுங்க. பிளானை ஏத்துவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.